பார்க்காமல் எழுதிய வயல்

மக்கா,

நீ ரயிலேறிப் போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாய். ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, டில்லியில் குளிர் தொடங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னாய். ஸ்வெட்டரை வெயிலில் போட்டு எடுத்து உடுத்திக்கொள் என்று சொல்லி நானும் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அது போனில் சொல்லக்கூடியதும் இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து வளர்ந்தவன். தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். ஒரு கோடை விடுமுறை முழுவதும் உன்னை விளையாட விடாமல் நான் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த தமிழ் அது. இந்தக் கடிதத்தை நீ ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன். மெதுவாக வாசி. வேண்டுமானால் உன் ஹாஸ்டல் கூட்டுக்காரர்களுக்கும், உன் பேராசிரியருக்கும் மொழிமாற்றிச் சொல்லு. எனக்குத் தடையில்லை. இதில் வரும் இரண்டு பேருடைய பெயரை மட்டும் மாற்றிவிடு. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தின்று முடித்து, உன் ஆராய்ச்சிக் கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினாய். இங்கிலீஷில் இருப்பதை நீயே பாதி தமிழும் பாதி மலையாளமுமாக மாற்றிச் சொன்னாய். வளர்ந்து வரும் ஒரு நாட்டில் விவசாயத்துக்குக் கொடுக்கும் கடன் வயலோடு நின்றுவிடுவதில்லை, அது சந்தைக்கும் கடைக்கும் ஆலைக்கும் போய் நாட்டின் வருமானத்தையே தூக்கி நிறுத்துகிறது என்பது உன் கட்சி. அதற்குச் சாட்சியாக நம்முடைய திருவனந்தபுரம் ஜில்லாவையே எடுத்திருந்தாய். தொண்ணூறுகளிலிருந்து வங்கிகள் கொடுத்த விவசாயக் கடன் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போவதை ஒரு கோடாக வரைந்திருந்தாய். "பாத்தியாம்மா, இந்தக் கோட்டுல ஒரு துண்டு நீ வரைஞ்சது" என்றாய். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, கட்டுரையை யாருக்குச் சமர்ப்பித்திருக்கிறாய் என்று காட்டினாய். வயல் வயலாக நடந்த என் அம்மாவுக்கு. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி நான் எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை, மக்கா.

வயல் வயலாக நடந்தது பொய் இல்லை. ஆனால் அது முதல் சில வருஷங்களோடு சரி. விவசாயப் பட்டம் வாங்கி, வங்கியில் விவசாயக் கடன் அதிகாரியாகச் சேர்ந்து, நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இருந்த வேகம் உனக்கு இப்போது இருப்பதைப் போன்றது. கிழக்கே கோட்டைப் பக்கம் எங்கள் கிளை. நகரத்துக் கிளை என்றாலும் வெள்ளாயணிக் காயலைச் சுற்றியுள்ள வயல்கள் எங்கள் எல்லையில் வந்தன. மொப்பெட்டில் போய் வருவேன். அங்கேதான் செல்லப்பன் பழக்கமானார். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் மனைவி ரத்தினமும் அந்தப் பக்கம்தான். இரண்டு பேரும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல், வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து, நேந்திரம் என்று சொல்லும் ஏத்தன் வாழை வைப்பவர்கள். ஓணத்துக்கு நாம் தின்னும் உப்பேரி வறுவல், பழம், எல்லாம் அந்த வாழைதான்.

கேரளத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது சட்டப்படி கூடாது என்பது நீ படித்திருப்பாய். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலத்துக்காரர் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். காகிதம் இல்லாதவனுக்கு வங்கி கடன் கொடுக்காது. செல்லப்பன் முதல்முதலாகக் கிளைக்கு வந்தபோது நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "சாரே, பூமி நமக்குள்ளது இல்ல. உடமஸ்தன் ஒப்பு போடவும் மாட்டாரு. பின்ன எதுக்கு வந்தன்னு கேட்டா, வாழ எனக்குள்ளதுதான். அத வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். இந்த ஊரில் பெண் அதிகாரியையும் சாரே என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். நான் போய்ப் பார்த்தேன். பாட்டக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால் கடன் கொடுக்கலாம் என்று அப்போது ஒரு ஏற்பாடு வந்திருந்தது. அதை நம்பிக் கொடுத்த கிளைகள் குறைவு. அப்போதிருந்த மேனேஜர் நல்ல மனிதர். என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் நான் கண்ணால் பார்த்ததைத்தான் நீ இன்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கடன் பணம் செல்லப்பன் கையில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கன்று விற்றவனுக்குப் போயிற்று, முட்டுக்கம்பு கொண்டுவந்த லாரிக்காரனுக்குப் போயிற்று, களை எடுத்த பெண்களுக்குக் கூலியாகப் போயிற்று. ஓணம் நெருங்கியதும் குலைகள் டெம்போவில் ஏறிச் சாலைக் கம்போளச் சந்தைக்குப் போயின. அங்கிருந்து பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்து உப்பேரிக் கடைகளுக்கு. அந்தக் கடை ஒன்றில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்று சீவிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். அந்தக் கூலி மணியார்டராக மலை தாண்டி இன்னொரு வயலுக்குப் போனது. ரத்தினம் ஓணத்துக்கு எடுத்த சேலை, அதற்கு ரவிக்கை தைத்த தையல்காரி, எல்லாம் அந்த வாழை. கடனும் வட்டியோடு திரும்பி வந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் என்று பெரிய பெரிய சொற்களில் நாம் சொல்வது இப்படித்தான் நடமாடுகிறது என்று எனக்கு அன்று விளங்கியது. பயிற்சி வகுப்புகளில் புது அதிகாரிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். கை தட்டுவார்கள். நான் வயலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பிறகும் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கை தட்டலும் நிற்கவில்லை.

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலேயிருந்து அவரை நெருக்கினார்கள், அவர் எங்களை நெருக்கினார். மொத்தக் கடனில் இன்ன பங்கு விவசாயத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது எல்லா வங்கிக்கும் உள்ள விதி. மார்ச் மாதம் வந்தால் அந்தப் பங்கு நிறைய வேண்டும். நகரத்துக் கிளைக்கு எங்கிருந்து அத்தனை வயல் வரும்? ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "மேடம் எதுக்கு இந்த வெயில்ல மொப்பெட்ல சுத்தறது? ஸ்வர்ணம் உண்டல்லோ நாட்டுகாருட கையில்" என்றார். தங்கத்தைத்தான் சொன்னார். நகையைக் கொண்டுவந்து, எங்கேயோ கொஞ்சம் நிலம் இருப்பதற்கு வரி கட்டிய ரசீதையும் காட்டினால், அதை விவசாயக் கடன் என்று எழுதிக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கலாம். நகை பெட்டியில் இருக்கும்வரை வங்கிக்குப் பயமில்லை. யாரும் வயலைப் பார்க்க வேண்டாம்.

வந்தார்கள், மக்கா. கல்யாணச் செலவுக்கு வந்தார்கள், கார் வாங்க வந்தார்கள், பழவங்காடியில் துணிக்கடை வைத்திருந்தவர் சரக்கு எடுக்க வந்தார். எல்லாருடைய விண்ணப்பத்திலும் என்ன பயிர் என்று ஒரு இடம் உண்டு. "என்னன்னு போட சாரே?" என்று அவர்களே சிரித்துக்கொண்டு கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாழை என்று எழுதுவேன். சில நாள் மாற்றத்துக்காக மரச்சீனிக் கிழங்கு என்றும் எழுதியிருக்கிறேன். அந்த மார்ச்சில் எங்கள் கிளைக்குக் கேடயம் கிடைத்தது. அதை வாங்கும் போட்டோவில் நான் நிற்கிறேன். நீ அதை உன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாய்.

இனி சொல்லப்போவது நம் வீட்டு விஷயம். நீ பத்தாம் வகுப்புக்கு வந்தபோது படிக்க இடமில்லை என்று தினமும் சண்டை போட்டாய். கரமனையில் நம் வீடு சிறியது. கூடத்தில் டி.வி., சமையலறையில் மிக்ஸி, அப்பா வேலை பார்க்கும் கடையிலிருந்து அவரைத் தேடி வரும் கணக்குக்காரர்கள். மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக் கடனுக்கு வட்டி அதிகம். அப்பாதான் சொன்னார், "நெய்யாற்றின்கரைக்கு அங்கிட்டு நாம வாங்கிப் போட்ட நெலம் கெடக்குல்லா. கரம் கட்டின ரசீதும் இருக்கு. உன் நகைய வச்சு விவசாயக் கடன் எடுத்தா என்ன?" நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உடனே ஒப்புக்கொண்டேன். "எல்லாவனும் எடுக்கான். நாம மட்டும் என்ன அரிச்சந்திரனா?" என்று அவர் சொன்னதுகூட, நான் தயங்கியதால் இல்லை, அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்ததால். அந்த நிலத்தில் ஆள் உயரத்துக்குக் காட்டுச் செடி மண்டிக் கிடந்தது. கடன் அப்பா பெயரில். பயிர், நெல். எழுதியது நான். நீ படித்துப் பொருளாதாரத்தில் முதலாவதாக வந்த அந்த மாடி அறை, நாட்டுக் கணக்கில் ஒரு நெல் வயல்.

இதோடு முடிந்திருந்தால் ஊரோடு ஒத்துப்போன தப்பு என்று மனதைச் சமாதானம் செய்திருப்பேன். முடியவில்லை. அந்த வருஷம் இடவப்பாதிப் பருவமழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பெரிய காற்று அடித்தது. கரமனையில் நமக்கு இரண்டு ஓடு பறந்ததோடு போயிற்று. வெள்ளாயணியில் குலை தள்ளி நின்ற வாழை, நிறைமாதம் போல நிற்கும் அல்லவா, அத்தனையும் முட்டுக்கம்போடு சாய்ந்துவிட்டது. மறுநாள் செல்லப்பன் கிளைக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார், நிற்கத் தெம்பில்லாமல். "சாரே, வாழ எல்லாம் கெடக்குது. ஒருக்கா வந்து பாக்கணும்" என்றார். பாதிக்கு மேல் பயிர் போனது என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதினால், அந்தக் கடனைச் சில வருஷத் தவணையாக மாற்றி, அடுத்த நடவுக்குப் புதுக் கடனும் கொடுக்கலாம். விதி அப்படி இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நம் மாடிக்குக் கான்கிரீட் போடும் நாள். மழை பிடித்துக்கொள்வதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று மேஸ்திரி பறந்தான். அப்பாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் கிளையில் வெள்ளாயணிக்கு வயல் பார்க்கப் போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு சிமென்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மதியம் உனக்குப் பிடிக்கும் என்று வேலைக்காரர்களுக்கும் சேர்த்துப் பாயசம் வைத்தேன். மறுநாள் போகலாம் என்று இருந்தேன். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் மேனேஜர் அறிக்கை எங்கே என்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளிக்கிழமை நேரில் பார்வையிட்டேன், சேதம் பாதிக்கும் குறைவு.

ஏன் குறைவு என்று எழுதினேன் என்று நீ கேட்பாய். பார்க்காமல் எழுதுவதுதான் எழுதுகிறாய், அந்த மனிதனுக்குச் சாதகமாக எழுதியிருக்கலாமே என்று. பாதிக்கு மேல் என்று எழுதினால் போட்டோ வைக்க வேண்டும், விவசாய ஆபீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், வட்டார ஆபீஸிலிருந்து ஒருவர் சரிபார்க்க வருவார். வருபவர் வயல்காரரிடம் மேடம் எப்போது வந்தார் என்று கேட்டுவிட்டால்? குறைவு என்று எழுதினால் காகிதம் அங்கேயே நின்றுவிடும். நான் தப்பிக்கத்தான் அப்படி எழுதினேன். இத்தனை வருஷத்தில் வேறு எந்தக் காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பார்க்காமல் இல்லை.

தவணை தேதி வந்தது. நோட்டீஸ் போயிற்று. ஜாமீன் நின்ற மற்ற பாட்டக்காரர்கள் செல்லப்பனை நெருக்கினார்கள். ஒரு நாள் ரத்தினம் மட்டும் தனியாக வந்தாள். கழுத்து மாலையையும் வளையலையும் கழற்றிக் கர்சீப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதை அடகு வைத்து, வருகிற பணத்தில் வாழைக் கடனை அடைக்க வேண்டும் என்றாள். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்தார். நான்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். பயிர் என்ன என்ற இடம் வந்தபோது என் பேனா நிற்கவில்லை, மக்கா. பழக்கத்தில் வாழை என்று எழுதிவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "கொள்ளாம் மேடம், ஒண்ணு வசூல் ஆயி, ஒண்ணு புது லோனும் ஆயி" என்று சந்தோஷப்பட்டார். காற்றில் விழுந்த ஒரே ஒரு தோட்டம், கணக்கில் இரண்டு விவசாயக் கடனாக ஏறிவிட்டது. உன் கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்ன ஏற்றம் இருக்கும். நீ அதை வளர்ச்சி என்று எழுதியிருக்கிறாய்.

அடுத்த வருஷம் செல்லப்பன் பாதி நிலத்தில்தான் வைத்தார். உரத்துக்குக் காசில்லாமல் சாலைக் கம்போளத்து வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கி, குலையை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வருஷம் வைக்கவே இல்லை. நிலத்துக்காரர் செம்மண் கொட்டி வயலை மேடாக்கி வீட்டு மனையாக விற்றார். மாலையும் வளையலும் மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போயின. அந்த ஏலம் நடந்த காலை நான் கிளையில் இருந்தேன். நகைக்கடை ஆட்கள் வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, நேராக வந்து உன் அறையைக் கூட்டிப் பெருக்கினேன். பிறகு வங்கியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது முதல் ஆட்களில் ஒருத்தியாக எழுதிக் கொடுத்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள்.

கட்டுரையை அப்படியே கிழித்துப் போடு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ சொல்லும் விஷயம் உண்மை. முதல் வருஷத்து வாழையை நான் பார்த்தேனே. உரிய கைக்கு, உரிய காலத்தில் போகும் கடன் எத்தனை வீட்டில் உலை வைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடு அதற்குச் சாட்சி இல்லை. அதில் நகைக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேள். கடன் ஏறிய அதே வருஷங்களில் வயல் ஏன் குறைந்தது என்று கேள். வங்கிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். நான் இருந்தபோது யாராவது வந்து கேட்டிருந்தால் நானும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். முதல் பக்கத்திலிருந்து என்னையும் எடுத்துவிடு. கட்டுரை தள்ளிப்போகும், உன் பேராசிரியர் கோபப்படுவார், வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ போன மூன்றாம் நாள் நான் வெள்ளாயணிக்குப் போனேன். இத்தனை வருஷம் போகாதவள். அந்த வயல் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள், கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகைகள். ஒரு டீக்கடையில் விசாரித்தேன். ரத்தினம் காயலுக்கு அந்தப் பக்கம் பயறு பறித்துக்கொண்டிருப்பாள் என்றார்கள். போனேன். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் சேர்ந்து குழுவாக நிலம் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறார்கள். குழுவுக்கு ஒரு வங்கி கடன் கொடுத்திருக்கிறது. "சின்னப் பொண்ணாக்கும் ஆபீசரு. சேத்துல செருப்பக் கழத்திட்டு எறங்குனா" என்று ரத்தினம் சிரித்தாள். என்னை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. நரைத்துப் போச்சே சாரே என்றாள். கழுத்தில் ஒரு கறுப்புச் சரடு மட்டும் இருந்தது.

நான் வரப்பிலேயே சொன்னேன். "ரத்தினம், அன்னைக்கு நான் வயலுக்கு வரல்ல. வந்து பாத்ததா பொய் எழுதினேன். அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல்ல." அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. பறித்தபடியே, "நாங்க அன்னைக்கு விடியறதுலேருந்து காத்து நின்னோம். நீங்க வருவீங்கன்னு அவரு விழுந்த வாழ ஒண்ணையும் வெட்டி மாத்தல்ல. உள்ளதுபோல கெடக்கட்டும், சார் பாக்கணும்லான்னாரு" என்றாள். பிறகு, "நாங்க நெனச்சது நாங்க கஞ்சி குடிக்கப் போன நேரத்துல நீங்க வந்துட்டுப் போயிட்டீங்கன்னு" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. அவளுக்குக் கொடுக்க என் வளையல்களைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதை வெளியே எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எடுத்திருந்தால் அந்த வரப்பிலிருந்து என்னை இறங்கிப் போகச் சொல்லியிருப்பாள்.

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க. வராமப் போனா அவருக்குச் சங்கடம். ஆனா இத அவருட்ட சொல்லப்பிடாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உடமஸ்தன் சதிச்சான், கம்போளத்துக்காரன் சதிச்சான், ஜாமீன் நின்னவனும் சதிச்சான்னு சொல்லிச் சொல்லித்தான் அவரு நாள் போவுது. உங்கள மட்டும் சொல்லமாட்டாரு. அந்த ஒரு ஆளு அவருக்கு பாக்கி உண்டு. அதையும் நீங்க எடுத்துட்டுப் போவாதீங்க சாரே."

செல்லப்பன் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு சரியாகாமல் வீட்டில் இருக்கிறார். சமையல் இப்போது அவர் கையில். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்து அவரே டீ போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது, "இதாக்கும் நான் சொன்ன பாங்கு சார். ஒத்தத் துண்டுக் காகிதம் இல்லாம என்ன நம்பி லோன் தந்தது" என்றார். என் பக்கம் திரும்பி, "காத்துல போனப்ப நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. மேல உள்ளவன் தட்டியிருப்பான். எனக்குத் தெரியும்லா" என்றார். ரத்தினம் பயறை முறத்தில் கொட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம் போட்டிருந்தார். கேட்காமலே இன்னொரு கிளாஸ் ஊற்றினார். அதையும் குடித்தேன்.

தை மாதம் நீ லீவுக்கு வருவாய். அப்போது ரத்தினத்தின் வயலுக்குப் போ. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கு. விதை எங்கிருந்து வருகிறது, காய் எங்கே போகிறது, குழுவில் யார் யாருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்களோடு உட்கார்ந்து கேள். அவர்களுக்கு நேரம் இருக்கும்போது மட்டும் கேள். வீட்டுக்கு வரச்சொன்னால் போ. செல்லப்பன் என்னைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். நான் எப்பேர்ப்பட்ட அதிகாரி என்று சொல்லுவார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லாதே, மக்கா. முகத்தையும் மாற்றிக்கொள்ளாதே. அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு இரு.

அம்மா
கரமனை